யூவி லைட்டு, காமா கதிர், ஸ்போர்: ரேடியேஷன் பட்டா எல்லாக் கிருமியும் செத்துடுமா?

போன மாசம் வீட்டு வாட்டர் ஃபில்டர சர்வீஸ் பண்ண ஒரு தம்பி வந்திருந்தாரு. முன்பக்க மூடியக் கழட்டினதும் உள்ள இருக்கிற ஸ்டீல் குழாயோட முனையில நீலமா ஒரு வெளிச்சம் தெரிஞ்சது, கிருமியக் கொல்ற யூவி, அதாவது புற ஊதாக் கதிர் விளக்கு அது, அதப் பார்த்துட்டு அம்மா, "ஏன் தம்பி, இந்த ரேடியேஷன் தண்ணியிலயே தங்கிடாதா, நாங்க தினமும் இதத்தான குடிக்கிறோம்"னு கேட்டாங்க. அவரு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, இந்த லைட்டு பட்டா எந்தக் கிருமியா இருந்தாலும் காலி"ன்னாரு. அம்மா பயந்ததும் தப்பு, தம்பி சொன்ன "எந்தக் கிருமியா இருந்தாலும்" கிறதும் தப்பு. கொரோனா சமயத்துல யூவி டப்பா, யூவி டார்ச்சுன்னு கடையில வித்தப்பவும் இதே ரெண்டு பேச்சுதான் ஓடுச்சு. ஒரு பக்கம் "ஐயோ ரேடியேஷன்", இன்னொரு பக்கம் "ஒரு தடவ காட்டினா போதும்". ரெண்டுக்கும் நடுவுல உண்மையில என்ன நடக்குதுன்னு பொறுமையா எழுதிப் பார்க்கலாம்னு தோணுச்சு, அதுலயும் ஸ்போர்ங்கிற ரொம்ப முரட்டுக் கிருமிய வச்சு எழுதினா விஷயம் நல்லா வெளங்கும், ஏன்னா ஸ்போர கொல்ற முறை மத்த எல்லாக் கிருமியையும் கொன்னுடும்னு பெரும்பாலும் நம்பிக்கையா சொல்லலாம்.

ஸ்போர்னா என்ன

வடகம் காயப்போட்டு டப்பாவுல வச்சா ஒரு வருஷம் ஆனாலும் கெடாது. அதே மாவ கரைச்சு அப்படியே வெளிய வச்சா மறுநாளே புளிச்சுப் போயிடும். தண்ணி இருந்தா உள்ள வேலை நடக்கும், தண்ணி இல்லன்னா எல்லாம் நின்னுடும். சில பாக்டீரியாக்கள் இந்த வித்தைய தனக்குத்தானே பண்ணிக்கும். சாப்பாடு தீர்ந்துபோச்சு, காஞ்சுபோச்சுன்னா, அந்த பாக்டீரியா தன்னோட டிஎன்ஏவ, அதாவது தான் எப்படி இருக்கணும் என்ன செய்யணும்னு எல்லாக் குறிப்பும் இருக்கிற அந்த நீளமான இழைய, நடுவுல வச்சு, தண்ணியப் பெரும்பாலும் வெளியேத்திட்டு, சுத்தி அடுக்கு அடுக்கா ஓடு கட்டிக்கும். அந்த உறங்குற உருண்டைக்குத்தான் ஸ்போர்னு பேரு.

நிறைய பேரு இத விதை மாதிரின்னு சொல்லுவாங்க, பாதி சரி. புளியங்கொட்டை மாதிரி கெட்டியா, வருஷக்கணக்கா காத்துக்கிட்டு கிடக்கும், ஈரமும் சாப்பாடும் கெடச்சா முளைக்கும், அதெல்லாம் சரிதான். ஆனா ஒரு மரம் ஆயிரம் விதை போடும், இங்க ஒரு பாக்டீரியா ஒரே ஒரு ஸ்போராத்தான் மாறும். பெருகுறதுக்கு இல்ல, தப்பிக்கிறதுக்கு.

எல்லா பாக்டீரியாவும் இதச் செய்யாது. பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம்னு ரெண்டு குடும்பமும் அவங்களோட சொந்தக்காரங்களும்தான் முக்கியமானவங்க. தனுர்வாதம் வரவழைக்கிறது, அதுக்குத்தான டிடி ஊசி போட்டுக்கிறோம், அது மண்ணுல ஸ்போரா கிடக்கிற ஒண்ணு. மாடு ஆடுக்கு வர்ற அடைப்பான் நோய், இங்கிலீஷ்ல ஆந்த்ராக்ஸ், அதுவும் அப்படித்தான். எவ்வளவு நாள் கிடக்கும்னு கேட்டா ஸ்காட்லாந்து கரையோரம் இருக்கிற கிரூனார்டுங்கிற குட்டித் தீவ சொல்லலாம். ரெண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த 1942ல பிரிட்டிஷ் அரசாங்கம் அங்க ஆடுகள வச்சு ஆந்த்ராக்ஸ் சோதனை பண்ணுச்சு, அதுக்கப்புறம் அந்தத் தீவுல யாரும் கால் வைக்க முடியல. 1986லதான் கடல் தண்ணியில 280 டன் ஃபார்மால்டிஹைடக் கலந்து மண்ணுமேல ஊத்தி சுத்தம் பண்ணாங்க, 1990ல "இனி பயமில்ல"ன்னு அறிவிச்சாங்க. 48 வருஷம். ஒரு தலைமுறையே முடிஞ்சிடுச்சு.

நம்ம அடுப்படியிலயே இருக்கு

அவ்வளவு தூரம் போக வேணாம். அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒண்ணோட ஸ்போர் சாதாரணமா இருக்கும். சோறு வடிக்கும்போது தண்ணி 100 டிகிரில கொதிக்குது, மத்த கிருமியெல்லாம் செத்துடும், இந்த ஸ்போர் மட்டும் தாக்குப்புடிச்சு நிக்கும். வடிச்ச சோத்த வெதுவெதுப்பா அப்படியே பல மணி நேரம் வெளிய வச்சா அது முளைச்சு பெருகி விஷத்த விடும், அப்புறம் திரும்ப சூடு பண்ணாலும் வாந்தி வரவைக்கிற அந்த விஷம் போகாது. அதுனாலதான் மிச்ச சோத்த சீக்கிரம் ஆறவச்சு ஃப்ரிட்ஜுல வைக்கச் சொல்றது.

அப்ப ஸ்போர கொல்லவே முடியாதான்னா, முடியும், அதுக்கும் நம்ம அடுப்படியிலயே ஒரு சாமான் இருக்கு, குக்கர். அழுத்தம் கூடும்போது உள்ள ஆவி 120 டிகிரிகிட்ட போகும். ஆஸ்பத்திரியில ஆபரேஷன் சாமான வைக்கிற ஆட்டோக்ளேவ்ங்கிறதும் பெரிய குக்கர்தான், 121 டிகிரி, 15லேர்ந்து 20 நிமிஷம், ஸ்போர் முடிஞ்சுது. ஸ்டீல் கத்திரிக்கும் பஞ்சுத் துணிக்கும் இது போதும்.

ஆனா பிளாஸ்டிக் சிரிஞ்ச குக்கர்ல வைக்க முடியுமா? தபால்ல வந்த கடிதத்த வைக்க முடியுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலோட கம்பிய, சுவத்துல இருக்கிற சுவிட்ச, ஒரு ஊருக்கே போற தண்ணிய வைக்க முடியுமா? ரேடியேஷன் தேவைப்படுறது இந்த இடத்துலதான்.

இதுவரைக்கும் சொன்னத சுருக்கினா: ஸ்போர்ங்கிறது சில பாக்டீரியா தண்ணிய வெளியேத்திட்டு ஓடு கட்டிக்கிட்டு உறங்குற நிலை, கொதிதண்ணிக்குக்கூட அது தப்பிச்சுக்கும், குக்கர் சூட்டுல சாகும், குக்கர்ல வைக்க முடியாததுக்கு வேற வழி வேணும்.

"ரேடியேஷன்"னு ஒரே பேருல ரெண்டு வேற வேற ஆளு

ரேடியேஷன்னா ஒரு எடத்துலேர்ந்து கெளம்பி பரவுற சக்தி, அவ்வளவுதான். வெயிலும் ரேடியேஷன், எக்ஸ்ரேயும் ரேடியேஷன், செல்போன் சிக்னலும் ரேடியேஷன். கிருமி விஷயத்துல நமக்கு வேண்டியது ரெண்டு வகை.

ஒண்ணு வெயில் வகை. வெயில் சுவத்துல பட்டா நின்னுடும், சுவத்துக்குப் பின்னாடி நிழல்தான். யூவி இந்த ஜாதி. இன்னொண்ணு எக்ஸ்ரே வகை. சட்டை, தோலு, சதை எல்லாத்தையும் தாண்டி எலும்பு வரைக்கும் போகும். காமா கதிரும் எலக்ட்ரான் பீமும், அதாவது வேகமா பாயவிடுற எலக்ட்ரான் கத்தையும், இந்தப் பக்கம். முதல் வகைக்கு "மேல படுதா"ங்கிறதுதான் கேள்வி, ரெண்டாவது வகைக்கு "எவ்வளவு பட்டுச்சு"ங்கிறதுதான் கேள்வி. இந்த ஒரு வித்தியாசத்த மனசுல வச்சுக்கிட்டா மீதியெல்லாம் தானா புரியும்.

இப்ப அம்மா கேட்ட கேள்வி. வெயில்ல காஞ்ச துணிய உள்ள எடுத்துட்டு வந்து இருட்டு ரூம்ல வச்சா அது வெளிச்சம் விடுமா? விடாது. எக்ஸ்ரே எடுத்துட்டு வீட்டுக்கு வந்தவர்கிட்டேர்ந்து எக்ஸ்ரே வராது. அதே மாதிரிதான் யூவி பட்ட தண்ணியும் காமா பட்ட சிரிஞ்சும். கதிர் பட்டதால ஒரு பொருளே கதிர்வீச ஆரம்பிக்கணும்னா அதோட அணுக்களோட கரு மாறணும், அதுக்கு இங்க பயன்படுத்துற கதிரோட சக்தி பத்தாது. எலக்ட்ரான் பீமுக்கு 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுன்னு ஒரு உச்சவரம்பு வச்சிருக்கிறதே இதுக்காகத்தான். கதிர் படுறது வேற, கதிர்வீசுற தூசி ஒட்டிக்கிறது வேற. அணு உலை விபத்துல பயப்படுறது ரெண்டாவதுக்கு. இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிறதுலதான் பாதி பயம் வருது.

யூவி எப்படிக் கொல்லுது

சூரிய வெளிச்சத்துல கிருமி வளராதுங்கிறத டவுன்ஸ், பிளன்ட்னு ரெண்டு பேரு 1877லயே இங்கிலாந்துல சோதிச்சுக் காட்டிட்டாங்க. ஆனா கிருமி கொல்றதுல பலமான யூவி-சிங்கிற பகுதி சூரியன்லேர்ந்து நம்ம தரைக்கு வர்றதில்ல, ஓசோனும் காத்தும் மேலயே தடுத்துடும். அதுனால அத விளக்கு வச்சு உண்டாக்குறாங்க. பாதரச விளக்குல வர்ற 254 நானோமீட்டர் அலைநீளம்தான் ரொம்ப காலமா புழக்கத்துல இருக்கிறது, நம்ம ஃபில்டர்ல இருக்கிறதும் பெரும்பாலும் அதுதான்.

டிஎன்ஏவ ஜிப்பு மாதிரி நெனச்சுக்கோங்க. பேக்க தெறக்கணும்னா ஜிப்பு வழுக்கிட்டு ஓடணும், பாக்டீரியா பெருகணும்னா டிஎன்ஏ பிரிஞ்சு படி எடுக்கணும். யூவி-சி பட்டா பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு பல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அந்த எடத்துல ஜிப்பு மாட்டிக்கும். ஒண்ணு ரெண்டு எடத்துல மாட்டினா கிருமி சரி பண்ணிக்கும், அதுக்குன்னு உள்ளயே ரிப்பேர் ஆளு இருக்கு. நூத்துக்கணக்குல மாட்டினா பெருக முடியாம செத்துப் போகும்.

ஸ்போர் இங்கதான் சாமர்த்தியம் காட்டுது. அதோட டிஎன்ஏ சும்மா கிடக்கிறதில்ல, சின்னச் சின்ன புரதங்கள் அத இறுக்கிச் சுத்திப் பிடிச்சிருக்கும். அப்படிப் பிடிச்சிருக்கும்போது யூவி பட்டா வழக்கமான ஒட்டல் விழாம வேற மாதிரி ஒட்டல் விழும், அந்த வேற மாதிரி ஒட்டலப் பிரிக்கிறதுக்குன்னே ஒரு தனி நொதிய ஸ்போர் தயாரா எடுத்து வச்சிருக்கும், முளைக்கிற நேரத்துல முதல் வேலையா அது ரிப்பேர் பண்ணிடும். அதுனால வளர்ந்துக்கிட்டிருக்கிற பாக்டீரியாவுக்குத் தேவையான யூவியப் போல பல மடங்கு குடுத்தாத்தான் ஸ்போர் சாகும். கொல்ல முடியாதுன்னு இல்ல, ரிப்பேர் பண்ணவே முடியாத அளவுக்கு ஒட்டல் விழ வைக்கணும், அவ்வளவு நேரம் அவ்வளவு பலத்தோட படணும்.

சர்வீஸ் தம்பி "எந்தக் கிருமியா இருந்தாலும்"னு சொன்னது ஏன் தப்புன்னா இதுதான். டைஃபாய்டு, காலரா மாதிரி தண்ணியில வர்ற பாக்டீரியாவுக்கு நல்ல யூவி ஃபில்டர் சரியான ஆயுதம். அதே அளவு ஸ்போருக்குப் போதும்னு சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி ரூம்ல யூவி

பேதி நோயாளிகள் இருக்கிற வார்டுல பெரிய தலைவலி கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்னு ஒண்ணு, சுருக்கமா சி டிஃப்பும்பாங்க. ஆன்டிபயாட்டிக் நிறைய எடுத்தவங்க குடல்ல புகுந்து கடுமையான பேதிய உண்டாக்கும், வயசானவங்களுக்கு உயிருக்கே ஆபத்து. அதோட ஸ்போர் கட்டில் கம்பியிலயும் கதவு கைப்பிடியிலயும் மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். நாம கையில தேய்க்கிற ஆல்கஹால் சானிடைசர் இதுகிட்ட பலிக்காது. பிளீச் வேலை செய்யும். கைக்கு சோப்பு போட்டு ஓடுற தண்ணியில நல்லா தேய்ச்சுக் கழுவறதுதான், அங்க ஸ்போர் சாகுறதில்ல, கழுவிட்டுப் போகுது.

நோயாளி டிஸ்சார்ஜ் ஆனப்புறம் காலி ரூம்ல ஆள் உயர யூவி விளக்கு மிஷின நிறுத்தி, கதவ மூடிட்டு வெளிய வந்து சுவிட்ச் போடுற பழக்கம் பல நாடுகள்ல வந்திருக்கு. மொட்டைமாடியில வத்தல் காயப்போட்டவங்களுக்கு இதோட குறை என்னன்னு சொல்லவே வேணாம். மேல்பக்கம் மொறுமொறுன்னு காஞ்சிருக்கும், திருப்பிப் போடலன்னா அடிப்பக்கம் ஈரமாவே இருக்கும், தண்ணித்தொட்டி நெழல் விழுற மூலை காயவே காயாது. கட்டிலோட பக்கக் கம்பிக்குப் பின்னாடி, மேஜை டிராயருக்கு அடியில, போர்வை மடிப்புல யூவி போகாது. தூரம் கூடக்கூட பலமும் வேகமா குறையும். மேல காஞ்ச மலமோ அழுக்கோ இருந்தா அதுவே குடை பிடிச்சுக்கும். அதுனால முதல்ல ஆளுங்க துடைச்சே ஆகணும், மிஷின ரெண்டு மூணு எடத்துல மாத்தி மாத்தி நிறுத்தணும்.

2017ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஒரு பெரிய ஆய்வு, அமெரிக்காவுல 9 ஆஸ்பத்திரியில நடந்தது. யூவிய கூட சேர்த்தப்ப வேற சில முரட்டு பாக்டீரியா தொத்து குறைஞ்சுது. ஆனா சி டிஃப் விஷயத்துல பிளீச் போட்டுத் துடைச்ச ரூமுக்கும், பிளீச்சோட யூவியும் அடிச்ச ரூமுக்கும் பெருசா வித்தியாசம் வரல. யூவி வீண்னு நான் இதுக்கு அர்த்தம் எடுத்துக்கல, துடைக்கிற அம்மாவோட வேலைக்கு மிஷின் மாத்து இல்லன்னுதான் எடுத்துக்கிறேன். ஆஸ்பத்திரிகள் மிஷினுக்குக் குடுக்கிற காசையும் மரியாதையையும் அந்த ஹவுஸ்கீப்பிங் பொண்ணுங்களுக்கும் குடுத்தா எவ்வளவோ தொத்து குறையும்.

தண்ணிக்கு யூவி: அந்தக் கண்ணாடிக் குழாய்

தண்ணியில யூவி பயன்படுத்துறது புதுசு இல்ல, பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல 1910லயே செஞ்சு பார்த்திருக்காங்க. இன்னைக்கு நியூயார்க் நகரத்துக்கு காட்ஸ்கில், டெலவேர்ங்கிற பகுதிகள்லேர்ந்து வர்ற தண்ணி 56 பெரிய யூவி யூனிட்டு வழியாத்தான் போகுது, ஒரு நாளைக்கு 200 கோடி காலனுக்கு மேல சுத்தம் பண்ற அளவுக்குக் கட்டினது. அங்க முக்கிய எதிரி ஸ்போர் இல்ல, கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி. அதுக்கும் கெட்டியான ஓடு, 1993ல மில்வாக்கி நகரத்துல 4 லட்சம் பேருக்கு மேல பேதிய உண்டாக்கினது. குளோரின் அத ஒண்ணும் பண்ண மாட்டேங்குது, ஆனா யூவிக்கு சுலபமா அடங்கிடும். ஓடு கெட்டியா இருந்தா எல்லாத்தையும் தாங்கும்னு ஒரு நெனப்பு இருக்கே, அது தப்புன்னு இதுலயே தெரியும். வெளிச்சம் ஓட்ட ஊடுருவிப் போயிடுச்சுன்னா உள்ள இருக்கிற டிஎன்ஏ எவ்வளவு பாதுகாப்பா இருக்குங்கிறதுதான் கணக்கு.

ஆஸ்திரியா, ஜெர்மனி மாதிரி நாடுகள்ல யூவி யூனிட்ட சோதிக்கிறதுக்கு பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கிற சாதாரண, ஆபத்தில்லாத பாக்டீரியாவோட ஸ்போரத்தான் தண்ணியில கலந்து விட்டு, வெளிய வர்றப்ப எத்தன உயிரோட இருக்குன்னு எண்ணிப் பார்க்குறாங்க. முரட்டு ஆளு எத்தன பேரு விழுந்தான்னு பார்த்தா லைட்டோட பலம் தெரிஞ்சுடும்.

நம்ம வீட்டு ஃபில்டருக்கு வர்றேன். அந்தத் தம்பி விளக்க உருவும்போது அதச் சுத்தி ஒரு கண்ணாடிக் குழாய் வந்துச்சு. அது சாதாரணக் கண்ணாடி இல்ல, குவார்ட்ஸ். சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-சிய விடவே விடாது, குவார்ட்ஸ் விடும். எங்க வீட்டுல போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி, அந்தக் குழாய் மேல பூரா வெள்ளையா மாவு பூசின மாதிரி படிஞ்சிருந்துது, அவரு கட்டைவிரலால தேய்ச்சப்ப ஒரு கோடு மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. உள்ள லைட்டு ஜோரா எரிஞ்சிருக்கு, தண்ணிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவோ. நீலமா தெரியுறது யூவி இல்ல, யூவி கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பழசாகி யூவி குறைஞ்சப்புறமும் நீலம் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அதுனால "லைட்டு எரியுதே"ன்னு நிம்மதியா இருக்காதீங்க, விளக்கோட ஆயுள் முடிஞ்சா மாத்திடுங்க. கலங்கல் தண்ணியிலயும் இதே கதைதான், ஒவ்வொரு மண் துகளும் கிருமிக்கு ஒரு குடை. முன்னாடி நல்லா வடிகட்டிட்டுத்தான் யூவிக்கு விடணும். இன்னொண்ணு, குளோரின் தண்ணியில கூடவே இருந்து காவல் காக்கும், யூவி விளக்கத் தாண்டினதும் வேலை முடிஞ்சுது. அப்புறம் அழுக்குக் குடத்துல பிடிச்சு வச்சா திரும்பக் கிருமி வரும்.

யூவி பகுதிய முடிச்சுடுறேன்: அது டிஎன்ஏவ ஜிப்பு மாட்டுற மாதிரி மாட்ட வைக்குது, ஸ்போருக்கு ரிப்பேர் வசதி இருக்கிறதால அதிகம் வேணும், நெழலும் அழுக்கும் கலங்கலும் அதோட எதிரி, தண்ணியில ரேடியேஷனோ காவலோ எதையும் மிச்சம் வைக்காது.

காமாவும் எலக்ட்ரான் பீமும்

இனி ஊடுருவுற வகை. காமா கதிருக்கு கோபால்ட்-60ங்கிற உலோகத்த வச்சிருப்பாங்க, அது தானா கதிர்விட்டுக்கிட்டே இருக்கும், சுமார் 5.27 வருஷத்துல பலம் பாதியாகும். நிறுத்த முடியாது, அதுனால வேலையில்லாதப்ப ஆழமான தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கிடுவாங்க, தொட்டிக்கு அடியில நீலமா மினுக்கும். எலக்ட்ரான் பீம் வேற, கரண்ட்டு போட்டா ஓடும், சுவிட்ச அணைச்சா நின்னுடும், ஆனா காமா அளவுக்கு ஆழமா போகாது. சில சென்டிமீட்டர்தான், அட்டைப்பெட்டிய ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டணும்.

இந்தக் கதிர் ஜிப்புப் பல்ல ஒட்ட வைக்காது, ஜிப்பையே வெட்டும். ரெண்டு வழியில வெட்டும். ஒண்ணு, டிஎன்ஏ மேல நேரா பட்டு வெட்டுறது. இன்னொண்ணு, செல்லுல இருக்கிற தண்ணியில பட்டு தண்ணிய உடைச்சு, அந்த உடைஞ்ச துண்டுங்க வெறி புடிச்ச மாதிரி பக்கத்துல இருக்கிறத எல்லாம் தாக்குறது. அந்தத் துண்டுக்கு ஃப்ரீ ரேடிக்கல்னு பேரு. சாதாரண பாக்டீரியாவுல பெரும் சேதம் இந்த ரெண்டாவது வழியிலதான். ஸ்போருக்குள்ளதான் தண்ணி ரொம்பக் கம்மியாச்சே, ஃப்ரீ ரேடிக்கல் உண்டாகவே சரக்கு இல்ல. வடகம் கெடாததும் ஸ்போர் கதிருக்குத் தாங்குறதும் ஒரே காரணந்தான், காஞ்சு கிடக்கு. நேரடி வெட்டுக்குத் தப்ப முடியாது, ஆனா அதுக்கு அதிக டோஸ் வேணும்.

டோஸ்னா ஒரு பொருள் எவ்வளவு கதிர் சக்திய உள்வாங்குச்சுங்கிற அளவு. அளவுகோல் கிரே. ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் சக்திய வாங்கினா ஒரு கிரே, ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே. மனுஷ உடம்பு முழுக்க 4, 5 கிரே ஒரே நேரத்துல பட்டா வைத்தியம் இல்லாம பாதிப் பேரு பிழைக்க மாட்டாங்க. மருத்துவ சாதனங்களுக்கு வழக்கமா குடுக்கிற டோஸ் 25 கிலோகிரே, அதாவது அதப்போல 5000 மடங்கு. இவ்வளவு குடுத்தா பொருள் கருகிடாதான்னு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க, 25 கிலோகிரே சக்தி தண்ணிய வெறும் 6 டிகிரிதான் சூடாக்கும். கையில தொட்டா வெதுவெதுப்புகூட சரியா தெரியாது. சூட்டால கொல்றதில்ல இது, ஊசிமுனையால குத்துற மாதிரி, சக்தி கொஞ்சம்தான், விழுற எடம்தான் உயிர்நாடி. பிளாஸ்டிக் சிரிஞ்ச, கையுறைய, தையல் நூல பேக் பண்ணி ஒட்டி அட்டைப்பெட்டியில அடுக்கினப்புறம் அப்படியே உள்ள அனுப்ப முடியுறதுக்குக் காரணம் இதுதான்.

இந்தியாவுல இதுக்கான முதல் ஆலை ஐசோமெட், மும்பை டிராம்பேல 1974லேர்ந்து. இலங்கையில பியகமவுல ஒரு காமா மையம் இருக்கு. அடுத்த தடவ மெடிக்கல் ஷாப்புல கையுறையோ சிரிஞ்சோ வாங்கினா கவர்ல சின்னதா ஒரு கட்டம் இருக்கும், "ஸ்டெரைல்"னு போட்டு பக்கத்துக் கட்டத்துல "ஆர்"ங்கிற எழுத்து இருந்தா அது ரேடியேஷன்ல சுத்தம் பண்ணது, "ஈஓ"ன்னு இருந்தா எத்திலீன் ஆக்சைடு வாயுவுல. அத எத்தன வருஷமா பயமில்லாம உடம்புல குத்திக்கிட்டு இருக்கோம்னு அப்ப தெரியும்.

"எல்லாம் செத்துடுச்சு"ன்னு எப்படிச் சொல்றாங்க

ஒரே நேரத்துல பட்டுன்னு எல்லாம் சாகுறதில்ல. ஒரு குறிப்பிட்ட டோஸுக்கு நூத்துல தொண்ணூறு சாகும், இன்னொரு அதே டோஸுக்கு மிச்சத்துல தொண்ணூறு சதவீதம், இப்படியே போகும். 10 லட்சம் இருந்தா 1 லட்சம், அப்புறம் 10 ஆயிரம், ஆயிரம், நூறு, பத்து, ஒண்ணு. சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஒரு படி எறங்க கால் கிலோகிரே மாதிரி போதும், கதிருக்குத் தாங்குற பேசில்லஸ் ஸ்போருக்கு ஒரு படிக்கே 1.5லேர்ந்து 3 கிலோகிரே வரைக்கும் ஆகும்.

ஒண்ணுக்குக் கீழ போனா அரை ஸ்போர்னு ஒண்ணும் இல்ல, "பத்து பாக்கெட்டுல ஒண்ணுல ஒரு கிருமி இருக்கலாம்"னு அர்த்தம். மருத்துவ சாதனத்துக்கு "10 லட்சம் பாக்கெட்டுல ஒண்ணுல இருக்க வாய்ப்பு"ங்கிற அளவுக்கு எறக்கணும்னு விதி. ஆரம்பத்துல எத்தன கிருமி இருந்துச்சோ அதப் பொறுத்துதான் எத்தன படி எறங்கணும்ங்கிறது. அதுனாலதான் ரேடியேஷன் கொடுக்கிற ஆலையிலயும் முதல்ல சுத்தமா தயாரிச்சிருக்கணும்னு அவ்வளவு கண்டிப்பு.

சாக்கடைக் கசடு மாதிரி வெளிச்சம் ஒரு இஞ்ச்கூடப் போகாத சரக்குக்கும் காமா உதவுது. குஜராத்துல வடோதராவுல பல வருஷமா செஞ்சாங்க, 2019ல அகமதாபாத்துல ஒரு நாளைக்கு 100 டன் காஞ்ச கசட கோபால்ட்-60 வச்சு சுத்தம் பண்ணி எருவாக்குற ஆலை வந்துச்சு.

ஆபத்து எங்கன்னா, கதிர் பட்ட பொருள்ல இல்ல, கதிர் விடுற அந்த உலோகத்துல. 2010ல டெல்லி மாயாபுரியில, ஒரு பல்கலைக்கழகத்துல உபயோகமில்லாம கிடந்த காமா கருவிய பழைய இரும்புன்னு ஏலத்துல வித்துட்டாங்க, காயலான் கடையில அத உடைச்சாங்க, உள்ள கோபால்ட்-60. ஒருத்தர் செத்துப்போனாரு, வேற சிலருக்கும் கதிர் பாதிப்பு. அந்தக் கடைக்காரங்களுக்கு அது என்னன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. யூவிக்கும் இதே எச்சரிக்கை வேற அளவுல உண்டு. யூவி-சி விளக்க கையில காட்டுறது, குழந்தை இருக்கிற ரூம்ல போடுறது, நேரா பார்க்குறது எதுவும் கூடாது, கண்ணு மணல் விழுந்த மாதிரி எரியும், தோல் வெந்து போகும்.

2001, வாஷிங்டன்

கட்டடம், கடிதம், ஸ்போர் மூணும் ஒரே நேரத்துல வந்து நின்ன சம்பவம் ஒண்ணு உண்டு. 2001 செப்டம்பர், அக்டோபர்ல அமெரிக்காவுல ஆந்த்ராக்ஸ் ஸ்போர் வச்ச கடிதங்கள யாரோ தபால்ல போட்டாங்க. 22 பேருக்கு நோய் வந்துச்சு, 5 பேரு செத்தாங்க. அக்டோபர் 15ந்தேதி செனட்டர் டாம் டாஷ்லோட ஆபீஸ்ல ஒரு கவர் திறக்கப்பட்டதும் ஹார்ட் செனட் கட்டடத்தையே மூட வேண்டியதாச்சு. லட்சக்கணக்கான கடிதம் தேங்கிப் போச்சு, எதுல இருக்கு எதுல இல்லன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது, பிரிக்கிறதுதான் ஆபத்தே.

கடிதத்துக்கு எலக்ட்ரான் பீம் சரியா பொருந்துச்சு. ஒஹையோவுல லைமாங்கிற ஊர்லயும் நியூஜெர்சியில பிரிட்ஜ்போர்ட்லயும் ஏற்கெனவே இருந்த ஆலைகளுக்கு லாரி லாரியா மூட்டை போச்சு. மருத்துவ சாதனங்களுக்குக் குடுக்கிறதவிட அதிக டோஸ் குடுத்தாங்க. கவர பிரிக்காமலே உள்ள இருந்தது செத்துச்சு. ஆனா காகிதம் மஞ்சளாகி, ஓரத்துல தொட்டா உதிர்ற மாதிரி வறண்டு வந்துச்சு, கவர்ல இருந்த பிளாஸ்டிக் ஜன்னல் ஒட்டிக்கிச்சு, ஃபோட்டோ ஃபிலிம் பாழாச்சு. அதப் பிரிச்ச ஊழியர்கள் பலருக்கு தலைவலி, கண் எரிச்சல். உடனே "கடிதத்துல ரேடியேஷன் இருக்கு"ன்னு பேச்சு கெளம்புச்சு. அது இல்ல, அடிபட்ட காகிதமும் பிளாஸ்டிக்கும் விட்ட வாயுதான் எரிச்சலுக்குக் காரணம்னு கருதி, காத்தாட வச்சுட்டுக் குடுக்க ஆரம்பிச்சாங்க, டோஸையும் குறைச்சாங்க.

கட்டடத்துக்கு மட்டும் ரேடியேஷன் கைகொடுக்கல. எலக்ட்ரான் பீம கட்டடத்துக்குள்ள கொண்டுபோக முடியாது, யூவிக்கு மேஜை, அலமாரி, ஏசி குழாய்னு எங்க பார்த்தாலும் நெழல். கடைசியில டாஷ்லோட ஆபீஸ்ல குளோரின் டையாக்சைடு வாயுவ நெரப்பினாங்க, வாயுன்னா சந்து பொந்தெல்லாம் போகும். ஹார்ட் கட்டடம் 2002 ஜனவரியில திறந்துச்சு. வாஷிங்டன்ல தபால் பிரிக்கிற பிரென்ட்வுட் நிலையம் அதவிடப் பெருசு, அங்க வேலை பார்த்த ரெண்டு பேரு ஆந்த்ராக்ஸ்ல செத்துட்டாங்க. செனட் கட்டடத்த சீக்கிரமே மூடினவங்க இத மூட அக்டோபர் 21 ஆச்சு, அந்த ஆறு நாள நெனச்சா இன்னைக்கும் மனசு ஆறல. 2003 டிசம்பர்ல அந்த நிலையம் திரும்பத் திறந்துச்சு, இப்ப அதுக்கு அந்த ரெண்டு தபால் ஊழியர்களோட பேருதான். வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் போற கடிதம் அதுக்கப்புறமும் எலக்ட்ரான் பீம் வழியாத்தான் போச்சு, அதுனாலதான் அங்க போய்ச் சேர்ற தபால் சில நாள் தாமதமாவும் லேசா மஞ்சளாவும் இருக்கும்.